கருங்காலிக்கு ஏழு டேக்

"யூ டர்ட்டி ஸ்கேப்!" என்று திரையில் ஓர் அமெரிக்கப் பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள். 1912-ஆம் வருஷம், கடும் பனி, லாரன்ஸ் என்ற ஊரின் பஞ்சாலை வாசல். ஊரே வேலை நிறுத்தம் செய்து வெளியே நிற்கும்போது, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வேலைக்குப் போகிற ஒருத்தியைப் பார்த்துத்தான் அப்படிக் கத்துகிறாள். கம்ப்யூட்டர் அதற்குக் கொடுத்த தமிழ்: "அழுக்குப் பொருக்கே!"

பொருக்கு என்றால் புண் ஆறும்போது மேலே காய்ந்து நிற்குமே, அது. அகராதிப்படி சரிதான். ஆனால் எந்த ஊரில் எந்தப் பெண் இன்னொருத்தியைப் பார்த்துப் பொருக்கே என்று கத்துவாள்? அந்தக் கம்ப்யூட்டருக்குக் கன்னம் என்று ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கு நான் அறைந்திருப்பேன்.

என் பெயர் ரூபீனா. இருபது வருஷமாக டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறேன். குரல் கொடுக்க வந்தவள்தான், எழுதுவது பிடித்துப்போய் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். வீட்டில் உருது பேசுகிறவள் என்ன பெரிய தமிழ் எழுதிவிடப் போகிறாள் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் எழுதினேன். போன வருஷம் வரைக்கும் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியையும் நானே எழுதுவேன். இப்போது கம்ப்யூட்டர் எழுதுகிறது, நான் 'பாலிஷ்' போடுகிறேன். வேலையின் பெயரே அதுதான். செருப்புக்கும் அதையேதான் போடுகிறார்கள்.

ஸ்டுடியோ ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருக்கிறது. முதலாளி பிரசாத். எங்களிடம் வந்திருந்த படம் அமெரிக்கத் தொழிலாளர்களின் கதை, எட்டு பாகம். எட்டு மணி நேர வேலை கேட்டு சிகாகோவில் செத்தவர்கள், பூட்டிய கதவுக்குப் பின்னால் நியூயார்க் தையல் ஆலையில் எரிந்துபோன பெண்கள், கார் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டோம் என்றவர்கள். நான்காவது பாகம்தான் லாரன்ஸ். வாரத்தில் இரண்டு மணி நேரம் வேலையைக் குறைக்கச் சொல்லிச் சட்டம் வந்தது, முதலாளிகள் அதற்கு ஈடாகச் சம்பளத்தை வெட்டினார்கள், பெண்கள் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஆலை வாசலில் கூடி நிற்கக் கூடாது என்று போலீஸ் தடுத்தபோது, சரி, நிற்கவில்லை என்று கைகோத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்கள். அந்த வரிகளை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் ஏதோ பெரிய போராளி என்கிற நினைப்பும் கொஞ்சம் வந்தது.

'ஸ்கேப்' என்பதற்குத் தமிழில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது. கருங்காலி. கோடாலிக்குப் பிடி போட அந்த மரம்தான் உறுதி என்பார்கள். மரத்தை வெட்டப் போகிற மரம். கூட இருந்தவர்கள் வெளியே நிற்கும்போது தான் மட்டும் உள்ளே போகிறவனுக்குத் தொழிலாளிகள் எப்போதோ அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பொருக்கை அடித்துவிட்டுக் கருங்காலியைப் போட்டேன்.

பிரசாத் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். கோபமே வராத மனுஷன். எனக்கு எப்போதும் அதுவே சந்தேகம்.

"மேடம், கருங்காலி வேணாமே. நல்ல பொருளாச்சே அது. நானே போட்டிருக்கேன், பாருங்க." சட்டைக்குள்ளிருந்து கறுப்பு மணிமாலையை எடுத்துக் காட்டினார். வெள்ளிப் பூண் வைத்து, ஆன்லைனில் வாங்கியது. போட்டால் எடுத்த காரியம் ஜெயிக்குமாம்.

"அது மாலை சார். இது திட்டு."

"பார்க்கிறவங்க மாலையைத்தான் நினைப்பாங்க. மாட வீதியில திரும்பின பக்கமெல்லாம் அதுதானே தொங்குது. துரோகின்னு போடுங்களேன்."

"துரோகின்னா யாரா வேணா இருக்கலாம். காதலிச்சு ஏமாத்தினவன்கூட துரோகிதான். கருங்காலின்னா ஒரே ஆள்தான் சார். எல்லாரும் வெளியில நிக்கும்போது கதவுக்கு உள்ளே போறவன்."

அவருக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் டில்லிபாபுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டில்லிபாபு எங்கள் சவுண்டு இன்ஜினியர்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்கைச் சுற்றி ஆறு பெண்கள். படத்தில் கூட்டம் கத்துகிற இடமெல்லாம் இவர்கள் குரல்தான். கல்யாண வீடு, எழவு வீடு, கலவரம், கோவில் திருவிழா, எது வந்தாலும் ஆறு பேரும் சேர்ந்து அறுநூறு பேராவார்கள். தலைவி ரோஸி. சாந்தோம்காரி. விடியலில் கரையில் மீன் விற்றுவிட்டுப் பதினோரு மணிக்கு மைக்குக்கு முன்னால் வந்து நிற்பாள். கத்துவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னாமே ரூபி, யார திட்டணும்?" என்றாள்.

சொன்னேன். ஆறு பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு "கருங்காலி!" என்று கத்தினார்கள். கத்திய கையோடு அவர்களில் ஒருத்தி, அங்காளம்மாளின் கண் கண்ணாடி வழியாக பிரசாத்தின் கழுத்துக்குப் போனது. மாலை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது டேக்கில் ஆஷா சிரித்தாள். மூன்றாவதில் ரோஸியே சிரித்தாள். பிரசாத் மாலையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ஆறு டேக் நாசமாய்ப் போனது. நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

சாப்பாட்டு இடைவேளையில் பிரசாத் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். "பெரிசா ஒண்ணுமில்லை. குரல் நூலகம்னு ஒண்ணு பண்றோம். மத்தியானம் ஒரு நாற்பது நிமிஷம் சும்மா கத்திக் குடுங்க. கோபம், அழுகை, சிரிப்பு, கோஷம், எல்லாம் கலந்து. அதுக்கு சம்மதம்னு ஒரு கையெழுத்து."

ரோஸி தாளைப் படிக்கவில்லை. நேராக டில்லிபாபுவிடம் போனாள். "இன்னாத்துக்கு நைனா இது?"

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "அந்த நாப்பது நிமிசத்த வெச்சு இனிமே கம்ப்யூட்டரே கத்தும்க்கா. உங்கள மாதிரியே."

ரோஸி தாளை நாலாக மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தாள். "எங்க தொண்டைய எடுத்துக்கினு எங்களையே வூட்டுக்கு அனுப்புவீங்க. அதுக்கும் நாங்களே கத்திக் குடுக்கணும். நல்லாக்கீதே உங்க நாயம்!"

ஆறு பேரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசற்படியில் ரோஸி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வர்ல?"

"வசனம் பாக்கி இருக்கு ரோஸிக்கா. சாயங்காலம் பேசலாம்."

அவள் இறங்கிப் போய்விட்டாள்.

கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். எதிர் அபார்ட்மெண்ட்டிலிருந்து யாரோ போன் செய்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். இங்கே கும்பலாக நிற்கக் கூடாது, உட்காரவும் கூடாது என்றார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸி எழுந்து புடவையை உதறினாள்.

"நின்னாதான சார் குத்தம்? நடந்துக்கினு இருந்தா?"

ஆறு பேரும் கையைக் கோத்துக்கொண்டு பங்களாவைச் சுற்றியிருக்கும் நாலு தெருவையும் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுதி, அவர்கள் காலையில் குரல் கொடுத்த அதே காட்சி. ஜன்னலோரம் நின்று கண் கலங்கினேன். கலங்கியதோடு சரி, கீழே இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பிரசாத் போன் செய்தார். "நாளைக்கு ஆறு மணிக்குள்ள நாலாவது பாகம் போயாகணும் மேடம். கூட்டக் குரல் மட்டும்தான் பாக்கி. நீங்க ஒரே ஆளா ஆறு குரல் குடுப்பீங்கன்னு டில்லி சொன்னான். வந்துட்டுப் போங்களேன்."

"ரோஸிக்கா வெளியில இருக்கும்போது நான் எப்படி சார்?"

"கட்டாயமே இல்லை. நீங்க வரலைன்னா கம்ப்யூட்டர் எழுதினதையே போட்டு, கம்ப்யூட்டர் குரலையே கத்த வெச்சுடறேன். சுமாராத்தான் இருக்கும், பரவாயில்லை. அப்புறம் பாலிஷும் எதுக்குன்னு ஆயிடும், அவ்வளவுதான்." மிரட்டுகிற குரலே இல்லை. நலம் விசாரிப்பதுபோலச் சொன்னார்.

இரவெல்லாம் எனக்குள் நியாயம் பேசிக்கொண்டேன். நான் போகாவிட்டால் 'அழுக்குப் பொருக்கே' என்றுதான் ஊர் முழுக்கக் கேட்கும். இருபது வருஷம் எழுதியவள் அதை விட்டுக்கொடுக்கலாமா? ஒரு சொல்லைக் காப்பாற்றத்தானே போகிறேன்? ஒரு மணி நேர வேலை, யாருக்கும் தெரியப் போவதில்லை. இப்படியெல்லாம். வேலை போய்விடும் என்று பயந்து போனேன் என்பதுதான் உண்மை. அந்தப் பயத்தை மூடிக்கொள்ள எனக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலை பத்தரைக்குப் போனேன். அதிலும் ஒரு திருட்டுத்தனம். எதிர் டீக்கடையில் மறைந்து நின்று அவர்கள் ஒரு சுற்று வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். பதினோரு நிமிஷம். அவர்கள் தெருமுனையில் திரும்பியதும் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்து கேட்டுக்கு ஓடினேன். ஆனால் அங்காளம்மாளுக்கு முட்டி வலி. அந்தப் பக்கம் வெயில் தாங்காமல் நிழலுக்காக முனையைத் தாண்டியதுமே திரும்பியிருக்கிறார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் போவதற்கும் அவர்கள் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

ஆறு பேர், கோத்த கைகள், அவர்களுக்குப் பின்னால் கேட். ரோஸி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சேர்ந்துகொள்ள வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்து, ஆஷா கைக்கும் அங்காளம்மாள் கைக்கும் அடியில் நுழைந்து, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

"கருங்காலி!"

ரோஸியின் குரல். அடுத்த நொடி ஆறு குரலும். "கருங்காலி! ஏ ரூபீனா! கருங்காலி!" ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எழுதும்போது அந்தச் சொல் எவ்வளவு அழகாக இருந்தது! முதுகில் வந்து விழும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. படியேறும் வரை, கதவைச் சாத்தும் வரை, சாத்திய பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மேலே பிரசாத் பால்கனிக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. "உங்க கை ராசியான கை மேடம்! நீங்க கத்தவே வேணாம். வேலை முடிஞ்சுது!"

எனக்குப் புரியவில்லை. டில்லிபாபுவைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பால்கனிக் கம்பியில் ஒரு மைக் கட்டித் தெருப் பக்கம் தொங்கவிட்டிருந்தது. காற்றுக்குப் போடும் பஞ்சுறையோடு, கறுப்புப் பூனை படுத்திருப்பது போல.

"காலையிலதான் எனக்குத் தோணிச்சு" என்றார் பிரசாத். "நேத்து ஆறு டேக் எடுத்து ஒண்ணும் தேறலை. இன்னைக்கு ஒரே டேக், நாற்பது செகண்ட். என்ன உணர்ச்சி! டில்லி, மேடத்துக்குப் போட்டுக் காட்டு."

டில்லிபாபு போட்டான். திரையில் கோப்பின் பெயர் 'டேக் 7'. ஸ்பீக்கரில் என் பெயரும் என் சொல்லும் அறை முழுக்க அதிர்ந்தன. பிரசாத் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார், கச்சேரி கேட்கிற மாதிரி.

"பேரை மட்டும் எடுத்துடு" என்றார்.

டில்லிபாபு எதையோ அழுத்தினான். ரூபீனா போய்விட்டாள். கருங்காலி மட்டும் இருந்தது. லாரன்ஸ் நகரப் பஞ்சாலை வாசலில், பனியில், கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

"அவங்க கையெழுத்துப் போடலையே சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ரோட்டுல கத்தினதுதானே மேடம்? ரோடு எல்லாருக்கும் பொது. மைக் அப்படியே இருக்கட்டும். இப்படியே ரெண்டு நாள் சுத்தினாங்கன்னா நாற்பது நிமிஷம் தானா சேர்ந்துடும். நூலகமும் முடிஞ்சுது, சண்டையும் இல்லை." மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "நம்ம டீமுக்குன்னு வாங்கினேன். முதல்ல உங்களுக்கு."

திறந்தேன். வெள்ளிப் பூண் போட்ட கருங்காலி மாலை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆள் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு அந்தச் சொல் இன்னும் தெரியவே தெரியாது. தெரிந்தே செய்திருந்தால்கூட ஒரு மனுஷனோடு சண்டை போட்ட திருப்தியாவது கிடைத்திருக்கும்.

"அவங்க என்னைத் திட்டினாங்க" என்றேன். இப்போது குரல் நன்றாகவே வந்தது. "உங்க படத்துக்காகத் திட்டலை. எனக்குச் சொன்னது அது, என் முதுகுல சொன்னது. அதை எடுத்து வித்துப் பிழைக்க உங்களுக்கு வெக்கமா இல்லையா? எனக்குத்தான் இல்லை, உள்ளே வந்துட்டேன். உங்களுக்குமா இல்லை?"

"மேடம், ஏன் டென்ஷன் ஆகறீங்க?"

"டில்லி, அழிச்சுடுடா அதை."

"என் வேலை போயிடும்க்கா" என்றான் டில்லிபாபு. அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? மூடிக்கொண்டேன். மாலையை மைக் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். பாலிஷ் வேலைக்கு அதுதான் ராஜினாமாக் கடிதம்.

கேட்டுக்கு வெளியே அவர்கள் அடுத்த சுற்றை முடித்து வந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆஷா மறுபடி மூச்சை இழுத்தாள்.

"கத்தாதீங்க!" என்று கையைத் தூக்கினேன். "என்னைத் திட்டறதுக்காகக்கூட கத்தாதீங்க. மேல மைக் தொங்குது. நீங்க கத்தினதையெல்லாம் எடுத்துட்டாங்க. இன்னும் நாப்பது நிமிஷம் சேர்க்கப் போறாங்க. நூலகத்துக்கு."

ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பஞ்சுறை போட்ட மைக் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அங்காளம்மாள் கீழே குனிந்து கல் தேடினாள். ரோஸி அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பிரசாத்தின் ஏழு தலைமுறையையும் இழுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ரோஸியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. திறந்த வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கரையிலும் மைக்கிலும் முப்பது வருஷம் கத்தியே பிழைத்தவள் சத்தமில்லாமல் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மைக்கை அங்கே கட்டிய கையை முறித்துப் போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

பிறகு அவள் மற்றவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். கையைக் கோத்துக்கொண்டார்கள். நடந்தார்கள்.

ஒரு கோஷம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. செருப்புச் சத்தம் மட்டும். நேற்று கத்தியபோது போலீசுக்குப் போன் செய்த எதிர் அபார்ட்மெண்ட்டுக்காரர்கள் இன்று ஒவ்வொருவராக பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சத்தத்தைவிட அது அவர்களை அதிகம் பயமுறுத்தியிருக்க வேண்டும். மாடியில் பிரசாத் வெளியே வந்து மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

நான் அவர்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. முதல் சுற்று போயிற்று. இரண்டாவதும் போயிற்று. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் தெருமுனைக் குப்பைத்தொட்டி அருகே, பங்களாவின் பால்கனி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ரோஸி வரிசையை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் என் காதோடு வாயை வைத்தாள்.

"கருங்காலி."

எந்த மைக்குக்கும் எட்டாத குரல். எனக்கு மட்டும்.

பிறகு முழங்கையை வளைத்து என் பக்கம் நீட்டினாள். "கோத்துக்கோ. வாயத் தொறக்காத."

கோத்துக்கொண்டேன்.